பன்வில முடக்கில் நிற்கும் வெள்ளைச் சட்டைக்காரருக்கு

என் அன்பு அப்பாவுக்கு,

அல்லது, கண்டி வேன்காரர்கள் இப்போது உங்களைச் சொல்கிறபடி, மதிப்பிற்குரிய முடக்குப் பேயாருக்கு,

முறைக்காதீர்கள். கண்ணாடி வழியாக முறைக்க இப்போது உங்களிடம் வேனும் இல்லை. நீங்கள் போய் ஏழு மாதமாகியும் என் வாய் மட்டும் குறையவில்லை என்று அம்மா தினமும் உங்கள் படத்திடம் முறையிடுகிறார். படம் சிரித்துக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எப்போதும் என் கட்சிதான்.

அம்பிட்டியவில் நம் வீடு அப்படியே இருக்கிறது. பின்வீட்டுப் பலாமரம் இன்னும் நம் கூரையில்தான் பழத்தைப் போடுகிறது. நான் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டேன். கணிதத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், நம் உறவு கெட்டுவிடும். வேனை உங்கள் வேன்காரக் கூட்டாளி நுவன் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டோம். பின்கண்ணாடியில் நீங்கள் எழுதிய "தீவுக்குள் தீவு, மலைக்குள் மலை" என்ற வரியை அவர் அழிக்கவில்லை. அதன் கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சேர்த்திருக்கிறார். உங்கள் வரி மூன்று மொழியில் ஊர் சுற்றுகிறது. நீங்கள் மட்டும் ஒரே மலை வளைவில், அந்த முடக்கில், நிற்கிறீர்களாம்.

அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எல்லோரும் படிக்கும்படி எழுது என்று சொன்னது அம்மா. ஏன் என்பது கடைசியில் தெரியும்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா? எனக்குப் பதின்மூன்று வயது. ஸ்கூல் லீவு. கொழும்பிலிருந்து ஆறு இளைஞர்கள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். வாவிக்கரையில் வேனை மெதுவாக ஓட்டிக்கொண்டு நீங்கள் வழக்கம்போல ஆரம்பித்தீர்கள்: "பாருங்க தம்பி, கடலுக்கு நடுவுல ஒரு தீவு. அந்தத் தீவுக்குள்ள இந்தக் குளம். இந்தக் குளத்துக்கு நடுவுல இன்னொரு குட்டித் தீவு." ஒருவரும் தலை நிமிரவில்லை. ஹந்தானை மலை மேகத்தைக் கழற்றிவிட்டு நின்றது. யாரும் பார்க்கவில்லை. வத்தேகம வந்தது, பன்வில வந்தது, ஆறு பேரும் போனுக்குள்ளேயே இருந்தார்கள். மலைக்கு வந்தும் மலைக்காத மனிதர்கள்! கண்டிக்கு வருகிறவர்களைக் கண்டிக்கத் தெரியாத நீங்கள், முன்சீட்டில் இருந்த என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னீர்கள்.

"இம்புட்டுப் பெரிய மலைய கடவுள் சும்மாவா வச்சிருக்காரு? ஒரு பய பார்க்க மாட்டேங்குறானே பாப்பா."

அந்தக் குரலில் இருந்த சோர்வை என்னால் தாங்க முடியவில்லை. அப்போதுதான் அந்த முடக்கு வந்தது. பன்வில தாண்டி ஏறும் பாதையில், ஒரு பக்கம் கறுப்புப் பாறை, மறுபக்கம் அடி தெரியாத பள்ளம், எதிரே வருவது எதுவும் தெரியாத வளைவு. நான் பின்னால் திரும்பினேன்.

"அண்ணா, கொஞ்சம் சத்தம் போடாம இருங்க. இந்த முடக்குலதான் ஒரு டிரைவர் வேனோட விழுந்தாரு. ஹோர்ன் அடிக்காம போனா, காலியா இருக்குற சீட்டுல வந்து உக்காந்துக்குவாரு."

ஆறு தலைகளும் நிமிர்ந்தன. காலி சீட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாக நகர்ந்தார். நீங்கள் கண்ணாடியில் என்னை முறைத்துக்கொண்டே, எல்லா முடக்கிலும் அடிப்பதுபோல ஹோர்ன் அடித்தீர்கள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. பாறை அதைத் திருப்பிச் சொன்னது. பின்னால் ஒரே அலறல். அன்று ஊர் திரும்பும்வரை ஆறு பேரும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தார்கள். ஒரு பாறை விடவில்லை, ஒரு மேகம் விடவில்லை.

"பொய் சொல்லி மலை காட்டக் கூடாது" என்று வீட்டுக்கு வந்ததும் திட்டினீர்கள். சரி என்றேன். அடுத்த பயணத்தில் அந்த முடக்கு வந்தபோது நான் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு இருந்தேன். தொண்டையைச் செருமியது நீங்கள்.

"அந்த டிரைவர் வெள்ளைச் சட்டைதான் போட்டிருப்பாரு. நெத்தியில திருநீறு. ரொம்ப நல்ல மனுசன்."

நான் உங்கள் வெள்ளைச் சட்டையைப் பார்த்தேன். உங்கள் நெற்றியைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க என் பின்னலைக் கடித்துக்கொண்டேன். அம்மாவுக்குக்கூடச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு என் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினீர்கள். வித்தை காட்டினவர்கள் வித்தையைச் சொல்லக் கூடாதாம். பிறகு மற்ற வேன்காரர்களும் அந்தக் கதையை எடுத்துக்கொண்டார்கள். கதையோடு உங்கள் ஹோர்னையும் எடுத்துக்கொண்டார்கள். அந்த முடக்கில் எல்லா வேனும் இரண்டு குட்டை, ஒரு நெட்டை அடித்தன. நாம் இருவரும் எத்தனை முறை சிரித்திருப்போம்!

அப்புறம் நீங்கள் போனீர்கள். எந்த முடக்கிலும் இல்லை, நம் வாசலில். வேனைக் கழுவி முடித்துவிட்டு, பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, "பாப்பா, தேத்தண்ணி" என்றீர்கள். சீனிக்குப் பதில் உப்பைப் போடலாமா என்று யோசித்தபடியே ஆற்றிக் கொண்டுவந்தேன். கண்ணை மூடி இருந்தீர்கள். நடிக்கிறீர்கள் என்று நினைத்தேன் அப்பா. உங்கள் காதருகே குனிந்து, வாயாலேயே ஹோர்ன் அடித்தேன். இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அந்தக் காலையைப் பற்றி இதற்கு மேல் எனக்கு எழுத வராது.

அம்மா இப்போது வாவிக்கரையில் தேயிலைப் பொட்டலம் விற்கும் ஒரு கடையில் வேலை செய்கிறார். போன மாதம் அங்கே சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அதில் ஒரு பெண், அம்மாவிடமே ஆசையாகச் சொல்லியிருக்கிறார்.

"உங்க ஊருல பேய்கூட எவ்ளோ டீசன்டா இருக்குங்க! செல்வான்னு ஒரு டிரைவராம். ஓவர் ஸ்பீடுல போய் வேனோட பள்ளத்துல விழுந்துட்டாராம். வெள்ளைச் சட்டை, நெத்தி நிறைய விபூதி. ஹோர்ன் அடிக்கலேன்னா நம்ம பக்கத்துல வந்து உக்காந்துடுவாராம்!"

நீங்கள் போன பிறகு, வெள்ளைச் சட்டையும் திருநீறும் ஒத்துப்போக, பேய்க்கு உங்கள் பெயரையே வைத்துவிட்டார்கள். அம்மா பொட்டலத்தைக் கட்டி, மிச்சக் காசைக் கொடுத்து, சிரித்தும் அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உங்கப்பா அந்த முடக்குல நிக்கிறாராம்டி."

"யாரும்மா சொன்னா?"

"ஊரே சொல்லுதாம். கருமாதியில என்ன கொறை வச்சோம்? ஏன் வீட்டுக்கு வராம ரோட்டுல நிக்கிறாரு?"

அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடவில்லை. வாசல் விளக்கை அணைப்பதில்லை. வெளியே எந்த வேன் ஹோர்ன் அடித்தாலும் கையிலிருப்பதை அப்படியே விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார். முப்பது வருடம் ஓட்டி வேனில் ஒரு கீறல் விழாத மனிதர் நீங்கள். இப்போது ஊர் வாயில் ஓவர் ஸ்பீடு செல்வா. இரண்டுக்கும் காரணம் நான்.

ஒரு வாக்கியம் போதும்: "அம்மா, அந்தப் பேயை உண்டாக்கினதே நான்தான்." என்னால் சொல்ல முடியவில்லை. பயந்தாங்கொள்ளி என்று நினைப்பீர்கள். விஷயம் வேறு. பஸ்ஸில் போகும்போது என் பக்கத்து சீட்டில் பையை வைத்து இடம் பிடிக்கிறேன் அப்பா. யாராவது கேட்டால், ஆள் வருது என்கிறேன். ஏழு மாதமாக. பேய் உண்டு என்பதில் எனக்குப் பயமே இல்லை. இல்லை என்று வாயைத் திறந்து சொல்லத்தான் பயம்.

நுவன் அண்ணனிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்டார்.

"அனே நங்கி, நீ சின்னப் புள்ள. நான் ரெண்டு தடவை கண்ணால பார்த்தது. வெள்ளைச் சட்டை. மூடுபனிக்குள்ள."

"அது மூடுபனிதான் அண்ணே. வெள்ளையாத்தான் இருக்கும்."

"மூடுபனிக்கு பொக்கட் இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். நான் செய்த பொம்மை எழுந்து நடக்கிறது, என்னையே யார் என்று கேட்கிறது.

போன ஞாயிறு காலை அம்மா ஒரு தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் பையில் எடுத்துக்கொண்டார். நுவன் அண்ணனை வரச் சொல்லியிருந்தார். "போய் கூட்டிட்டு வந்துருவோம்" என்றார், ஏதோ பஸ் ஸ்டாண்டில் நிற்பவரைச் சொல்வதுபோல. நம் பழைய வேனில் ஏறினோம். முன்சீட்டின் கீழே நான் ஒட்டிய சுவிங்கம் இன்னும் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்.

வழியெல்லாம் அழகு அப்பா. நக்கிள்ஸ் மலை முழுசாகத் தெரிந்தது. அம்மா ஒரு தடவைகூட உங்களோடு இந்தப் பாதையில் வந்ததில்லை, தெரியுமா? ஊருக்கெல்லாம் மலை காட்டினீர்கள். அம்மாவுக்கு ஏன் காட்டவில்லை?

முடக்குக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி இறங்கினோம். பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. அம்மா பாறையடியில் சூடம் ஏற்றினார். அணைந்தது. மறுபடியும் ஏற்றினார். அணைந்தது. மூன்றாவது தடவை தீக்குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பனியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"ஏங்க, வாங்க வீட்டுக்கு. இங்க குளிருதுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம், வாங்க."

சத்தியத்தை உடைத்துவிட்டேன் அப்பா. மன்னித்துக்கொள்ளுங்கள். அந்தக் கொழும்பு இளைஞர்களிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். அம்மா அசையாமல் கேட்டார்.

"வெள்ளைச் சட்டைய யாரு சொன்னது?"

"அப்பாதான்."

"திருநீறு?"

"அதுவும் அப்பாதான். நல்ல மனுசன்னும் சொன்னாரு."

அம்மாவின் முகம் என்னவோ ஆனது. அழப் போகிறார் என்று நினைத்தேன். "தனக்குத்தானே நல்ல மனுசன்னு சர்டிபிகட் வேற!" என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்துக்கொண்டே அழுது, அழுதுகொண்டே என் தலையில் நங்கென்று ஒரு குட்டு வைத்தார். இன்னும் வலிக்கிறது. பாதி உங்களுக்குச் சேர வேண்டியது.

பிறகு தேங்காயை ரோட்டோரக் கல்லில் ஓங்கி உடைத்தார். நுவன் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி, இனிமே அவரு விழுந்தாருன்னு சொல்லாதீங்க. அவரு எங்கயும் விழல. யாரும் விழுந்துடாம பார்த்துக்க நிக்கிறாருன்னு சொல்லுங்க."

"ஹரி அக்கா, சரி" என்றார் நுவன் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது."

இதோடு கடிதத்தை முடித்திருக்கலாம். இனி எழுதுவதை நான் எழுதினால் யார் நம்புவார்கள்? ஆனால் அம்மாவும் நுவன் அண்ணனும் சாட்சி.

மேலே போய் வேனைத் திருப்பிக்கொண்டு இறங்கினோம். நுவன் அண்ணன் ஏதோ யோசனையில் இருந்தார். முடக்கில் ஹோர்ன் அடிக்க மறந்துவிட்டார். அப்போது கேட்டது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. அவர் பிரேக்கை அமுக்கினார். வேன் நின்றது. பனிக்குள்ளிருந்து, நடுரோட்டில், தேயிலைக் கொழுந்து ஏற்றிய ஒரு லொறியின் முகம் மெதுவாக வெளியே வந்து எங்கள் மூக்குக்கு முன்னால் நின்றது.

லொறிக்காரர் தலையை நீட்டினார். "நல்ல வேளை ஹோர்ன் அடிச்சீங்க தம்பி! இல்லாட்டி இந்நேரம் ரெண்டு வண்டியும் பள்ளத்துல."

"நான் அடிக்க இல்ல. நீங்கதானே அடிச்சது?"

"நானா? என் ஹோர்ன் வேலை செய்யாம ரெண்டு நாளாச்சு."

பாறையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. அம்மா மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏய். இதுவும் உன் வேலையா?"

"சத்தியமா இல்லம்மா."

அம்மா என் கண்ணையே பார்த்தார். போனில் ஹோர்ன் சத்தம் போட்டிருக்கவும் வழியில்லை, என் போன் அவர் பையில்தான் இருந்தது. பிறகு தன் பக்கத்து சீட்டில் இருந்த அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்பிட்டிய வரும்வரை அந்த சீட்டில் எதையும் வைக்கவில்லை. ஜன்னல் பக்கம் நன்றாகத் தெரியட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கியும் உட்கார்ந்துகொண்டார்.

நீங்களா அப்பா? வேறு யாராவது தூரத்து முடக்கில் அடித்து, மலை அதைக் கொண்டுவந்து கொடுத்ததா? சொல்ல வேண்டாம். வித்தை காட்டினவர்கள் சொல்லக் கூடாது.

வேன் ஓட்டும் அண்ணன்மார்கள் இதைப் படித்தால், அம்மா சொன்ன கதையையே சொல்லுங்கள். ஓவர் ஸ்பீடு என்று சொல்கிறவர்களுக்கு என் கையால் உப்புத் தேத்தண்ணி கிடைக்கும், ஜாக்கிரதை.

எனக்குப் பதினெட்டு வயது ஆனதும் லைசன்ஸ் எடுப்பேன். முதல் பயணத்தில் அம்மாவை முன்சீட்டில் வைத்து, வாவித் தீவிலிருந்து நக்கிள்ஸ் வரை ஒரு மலை விடாமல் காட்டுவேன். நீங்கள் பாக்கி வைத்த இடமெல்லாம். உங்கள் முடக்கில் ஹோர்ன் அடிக்க ஒருநாளும் மறக்க மாட்டேன். மறந்தாலும் பயமில்லை. பக்கத்து சீட்டைக் காலியாகத்தான் வைத்திருப்பேன்.

இரண்டு குட்டையும் ஒரு நெட்டையுமாக,
உங்கள் கூட்டுக் களவாணி,
உங்கள் ஒரே மகள் பாப்பா