கையெழுத்துக்கு மேலே எழுதியவை

என்னங்க,

முப்பத்திரண்டு வருஷம் இப்படித்தான் கூப்பிட்டேன். இனிமேல் பேர் சொல்லி எழுதினால் யாரும் தப்புச் சொல்லப்போவதில்லை, ஆனாலும் கை வரவில்லை. நான் நன்றாக இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசிவரை கேட்டுவிட்டு, "ஏண்டி, முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்பீர்கள்.

பாப்பாவின் பிள்ளை நடக்கிறான். சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டினால் கும்பிடு போடுகிறான். யாரும் சொல்லித்தரவில்லை. உங்களை நினைத்தால் அவனுக்கும் கும்பிடுதான் தோன்றுகிறதோ என்னவோ.

நீங்கள் போன அன்று ஊரே சொன்னது, "சேர்மன் போயிட்டாரு" என்று. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெண்ணாடம் ரோடு வரைக்கும் ஒட்டிய போஸ்டரிலும் அதேதான். சேர்மன் நான். உயிரோடு உங்கள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, சேர்மன் இல்லாமல் இந்த ஊர் என்ன பண்ணும் என்று என்னிடமே அழுதார்கள். எனக்கும் அன்று அது உறைக்கவில்லை. உண்மையைத்தானே சொன்னார்கள்?

தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஆனதும் என் பேரில் நின்றீர்கள். நோட்டீஸில் என் படம், வீடு வீடாகக் கும்பிட்ட கை உங்களுடையது. ஜெயித்தது நான், மாலை விழுந்தது உங்கள் கழுத்தில். எனக்கு அதில் வருத்தம் இருந்ததா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு அந்த வேலை அவ்வளவு பொருந்தியது.

ஒரு ஊருக்குச் சேர்மன் என்றால் என்ன என்பதை உங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். தெருவிளக்கும் குழாய்த் தண்ணீரும் பாதிதான். மீதியெல்லாம் போய் நிற்பது. காதுகுத்துக்குப் போய் நிற்பது, மங்கலம்பேட்டை பாய் வீட்டு நிக்காஹுக்குப் போய் நிற்பது, புருஷன் பெண்டாட்டி சண்டையில் நடுவில் போய் நிற்பது. சாவு வீட்டில் நீங்கள் வராமல் பாடையைத் தூக்க மாட்டார்கள். வெயில் ஏறினாலும், "சேர்மன் வரட்டும்" என்று உட்கார்ந்திருப்பார்கள். உங்களிடம் ஒரே ஒரு குறைதான். முடியாது என்கிற வார்த்தை உங்கள் வாயில் வராது.

பாப்பாவின் பிரசவத்துக்கு நான் பாண்டிச்சேரிக்குக் கிளம்பிய காலை நினைவிருக்கிறதா? லெட்டர் பேடுத் தாள்களை ஒரு கட்டாகக் கொண்டுவந்து சமையல்கட்டில் வைத்தீர்கள். ஒரு மாதம் நீ இருக்கமாட்டாய், சிபாரிசு கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப முடியுமா, அடியில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடு என்றீர்கள். ஒரு பக்கம் உலை கொதிக்க, தரையில் உட்கார்ந்து போட்டேன். நடுவில் விரல் வலிக்கிறது என்றதும் என் கையை உங்கள் மடியில் வைத்துச் சொடுக்கெடுத்துவிட்டீர்கள். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் உங்கள் மேல் ஆசைதான் வருகிறது. அதற்குப் பிறகுதான் கோபம்.

உங்களுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரத்திலிருந்து அந்தத் தாள்கள் ஒவ்வொன்றாக வீடு தேடி வந்தன. எல்லாமே டைப் அடித்தவை. ஒருவருக்கு மகனுக்கு வேலை, ஒருவருக்கு வீட்டு வாசலில் விளக்கு, ஒருவருக்கு முதியோர் பென்ஷன். "நீங்கதானம்மா எழுதிக் குடுத்தீங்க" என்று நீட்டினார்கள். வாங்கிப் படித்தேன். என் கையெழுத்துக்கு மேலே இருந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

அப்படித்தான் கஸ்தூரியும் வந்தாள். உங்களுக்கு அவளைச் சூளைமேட்டுத் தெரு சேகர் பெண்டாட்டி என்றுதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் அவளும் நானும் பீங்கான் ஷெட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதியவர்கள். இடது கண் அவள், வலது கண் நான். ஒரே சோற்று டப்பாவில் தின்றிருக்கிறோம். அவள் ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவரிலிருந்து கடிதத்தை எடுத்தாள். சூளைமேட்டுத் தெருவிலிருந்து சுடுகாட்டுக்குப் பாதை போட்டுத் தருவதாக அதில் இருந்தது. அடியில் நான்.

அந்தத் தெருவுக்கும் சுடுகாட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால், வாய்க்காலை ஒட்டி வேறொருவர் நிலம். மழைக்காலத்தில் பிணத்தை இடுப்பளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். சேகர் வருஷக்கணக்காகப் பீங்கானுக்கு மண் அரைக்கிற இடத்தில் நின்று நெஞ்சு கெட்டுப் படுத்திருந்தார். பிழைக்கமாட்டார் என்று அவருக்கே தெரியும்.

"மருந்து மாத்திர எதுவும் அவரு கேக்கல சேர்மன் அம்மா," என்றாள் கஸ்தூரி. "எங்க அப்பாவ மாதிரி என்னையும் தண்ணியில எடுத்துட்டுப் போவாதீங்கன்னு அது ஒண்ணுதான் சொல்லிக்கினே இருக்குறாரு."

என்னை அவள் சேர்மன் அம்மா என்றது சுருக்கென்று இருந்தது. செய்துதருகிறேன் என்றேன். உங்கள் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது பாருங்கள்.

நிலம் யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். நல்லூர்க்காரர் என்று நாம் சொல்வோமே, அவருடையது. மறுநாளே போனேன். மரியாதையாக உட்காரவைத்துக் காபி கொடுத்தார். ஓரமாக ஒரு பாடை போகிற அளவுக்கு இடம் விட்டால் போதும் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உள்ளே போய் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அவருடைய நிலத்தின் வழியாக எந்தக் காலத்திலும் பாதை வராது என்று நகர்மன்றத் தலைவர் உறுதி கூறும் கடிதம். அடியில் நான்.

"இது நான் எழுதனது இல்லீங்க," என்றேன்.

"கையெழுத்து உன்னுதுதானம்மா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

பாம்பும் சாகக்கூடாது, தடியும் நோகக்கூடாது என்று நினைத்தீர்களா? இல்லை, அன்றைக்கு எதிரில் நின்றவர் முகம் வாடக்கூடாது என்று மட்டும் நினைத்தீர்களா? இரண்டில் எந்தக் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லும்போது அது நடக்கவேண்டும் என்று உங்கள் மனசில் இருந்தது? நான் உங்களோடு இத்தனை வருஷம் இருந்தவள், எனக்கே தெரியவில்லை. ஒருவேளை இரண்டிலுமே இருந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆபீசில் கேட்டேன். பட்டா நிலம், சொந்தக்காரர் சம்மதிக்காமல் ஒரு கூடை மண் போட முடியாது என்றார்கள். சட்டம் அது, அவர்கள் மேல் தப்பில்லை. வாய்க்கால் மேல் பாலம் மட்டுமாவது என்றால், பாலத்தின் அந்தப் பக்கமும் அவர் நிலம்தான். மன்றக் கூட்டத்தில் எழுந்து பேசினேன். நானாகப் பேசிய முதல் பேச்சு அது. பேசி முடித்ததும், அண்ணன் இருந்திருந்தால் பேசி முடித்திருப்பார் என்று ஒரு மெம்பர் சொன்னார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அண்ணன் ஏற்கெனவே பேசி முடித்துவிட்டார் என்று எப்படிச் சொல்வேன்? அடுத்த பொருளுக்குப் போய்விட்டோம்.

மறுபடியும் மூன்று தடவை நல்லூர்க்காரர் வீட்டுக்குப் போனேன். மூன்று தடவையும் காபி கொடுத்தார்.

ஐப்பசி அடைமழையில் சேகர் போய்விட்டார். காலையில் சேதி வந்தது. மாலை வாங்கிக்கொண்டு நான் போய்ச் சேர்வதற்குள் மதியமாகிவிட்டது. பாடை கட்டி முடித்து, எல்லாரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மழை விட்ட நேரத்தில் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சேர்மன் வரட்டும் என்று எனக்காகக் காத்திருந்தார்கள். நீங்கள் பழக்கிவிட்ட பழக்கம். நான் மாலையைப் போட்ட பிறகு தூக்கினார்கள், அதற்குள் மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

பொம்பளைகள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். நான் நிற்கவில்லை, வாய்க்கால் கரைவரை போனேன். கஸ்தூரியும் வந்தாள். தண்ணீர் மார்பளவு. நாலு பேரும் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். நடுவில் முன்னால் போனவருக்குக் கால் வழுக்கியது. பாடை ஒரு பக்கமாகச் சாய்ந்து, சேகரின் தலை தண்ணீரில் போய்விட்டு வந்தது. நான் போட்ட மாலை கழன்று தண்ணீரோடு போனது. உங்களைச் சிமெண்ட் ரோட்டில் பூப்போட்டு, வேட்டு வெடித்து எடுத்துப் போனோம். எனக்கு அந்த நேரத்தில் அதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கஸ்தூரி அழவில்லை. அத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னை ஷெட்டில் கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டாள்.

"உன் வூட்டுக்காரரு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன் செல்வி. அவரு எல்லாருக்கும்தான் சொல்லுவாரு. நீ கையெழுத்துப் போட்டிருந்தியே, அதனாலதான் நம்புனேன். எங்க வூட்டுக்காரருகிட்டயும் அப்படித்தான் சொல்லிவெச்சிருந்தேன்."

அந்த லெட்டர் நான் எழுதியது இல்லை என்று நல்லூர்க்காரரிடம் சொன்ன வாய், அவளிடம் திறக்கவில்லை.

போன வாரம் பீரோவை ஒழித்தேன். உங்களுக்குப் போட்ட சால்வைகளுக்கு அடியில் மிச்சத் தாள்கள் இருந்தன. மேலே வெறுமை, அடியில் என் கையெழுத்து. உலை கொதிக்கப் போட்டதே, அது. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நம்பிப் போட்டிருக்கிறேன், ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

பதவிக்காலம் முடியப்போகிறது. அடுத்து பாப்பாவை நிறுத்துவீர்களா என்று இப்போதே கேட்கிறார்கள். அடுத்து யார் வந்தாலும் நல்லூர்க்காரர் அந்தக் கடிதத்தை எடுத்துக் காட்டுவார். பாதை வரும் என்று உங்களுக்கு ஆறுதலுக்குக்கூட நான் சொல்லமாட்டேன். வராது. அடுத்த மழைக்கு அடுத்த பிணமும் தண்ணீரில்தான் போகும்.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். கஸ்தூரியிடம் உங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டேன். உங்களுக்காக இல்லை, உங்கள் மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவள் நம்பியது என் கையெழுத்தை. அதை நான் வெறும் தாளில் போட்டேன் என்று சொன்னால், அவள் புருஷனுக்குச் சொன்ன கடைசி வார்த்தையும் பொய்யாகிவிடும். அந்தக் கடிதம் நான் எழுதியதாகவே இருக்கட்டும். நான்தான் எழுதினேன், என்னால் முடியவில்லை என்று நாளைக்கு அவள் வீட்டுக்குப் போய்ச் சொல்லப்போகிறேன். இத்தனை வருஷத்தில் சேர்மனாக நான் செய்யப்போகிற ஒரே வேலை அதுதான்.

இதை அந்த மிச்சத் தாள்களில்தான் எழுதிக்கொண்டு வந்தேன். இது கடைசித் தாள். இனிமேல் கையெழுத்துப் போடவேண்டியதில்லை, போட்டுத்தான் இருக்கிறது. அதற்குக் கீழே 'நகர்மன்றத் தலைவர்' என்று அச்சடித்திருப்பதை இந்த ஒரு தாளில் மட்டும் அடித்துவிட்டு எழுதுகிறேன்.

செல்வி
உங்கள் பெண்டாட்டி