தவறுக்கு ஒரு கேக்

சிக்னே,

பஞ்சுக்கடியில் நீ விட்டுப்போன ஊசிதான் என் விரலில் ஏறியது. அந்த ஊசியைப் போட்ட நோயாளியின் இரத்தத்தில் கல்லீரலை அரிக்கும் கிருமி இருந்தது உனக்கும் தெரியும். உன் வேலை நிரந்தரமாகப்போகிற வாரம் அது. அதனால் விபத்துப் படிவத்தில் என் கவனக்குறைவு என்று எழுதினேன்.

நம் ஒடென்சே மருத்துவமனை வார்டில் தவறு செய்தவள்தானே கேக் கொண்டுவர வேண்டும்? கொண்டுவந்தேன்.

"குத்திக்கிட்டவளே வெட்டட்டும்!" என்று தலைமைச் செவிலி சிரித்தாள். நீ தட்டை நீட்டினாய்: "சர்க்கரை நிறைய இருக்கிற துண்டா குடுடி."

மூன்று மாதமாக, மகள் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தால்கூடத் தொடப் பயப்படுகிறேன். நீ ஒருமுறையும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

நாளை இரத்த முடிவு வரும். படிவத்தை இன்று திருத்திக் கொடுத்துவிட்டேன். முடிவு எதுவானாலும், அடுத்த கேக் உன் முறை.

இப்படிக்கு,
உன் தவறைத் தின்றவள்