பத்து நாற்பதுக்கு அணையும் திரை

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அம்மா, சின்னவன் மூவரும் சௌக்கியம், என் இடது முழங்காலைத் தவிர. அதைக் குடும்பத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவாகவில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன ஞாயிறு பேசும்போது நீ மூன்று முறை தும்மினாய், மருந்து சாப்பிட்டாயா என்று எழுது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் சொன்னால் அடுத்த நிமிடமே உன் தம்பிக்குப் போன் போட்டு அவனை ஒரு பிடி பிடிப்பாய். கடிதம் உன் கைக்கு வர எப்படியும் பத்து நாள் ஆகும், அதற்குள் இங்கே ஏதாவது ஒரு வழி பிறந்திருக்கும். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சின்னவனுக்கு வேலை போய்விட்டது. அவன் எங்களிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியாது. இதை எனக்குச் சொன்னது முன்னறையில் இருக்கும் கணினியின் மானிட்டர்.

எனக்கு வயதாகிவிட்டது என்று முடிவு கட்டாதே, முழுக்கப் படி. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். திரை சட்டென்று கறுத்து இரண்டு நொடியில் திரும்பி வந்தது. அப்போது நான் நாற்பத்திரண்டாவது உறுப்பினரின் பெயரில் இருந்தேன், பாய்லர் பிரிவில் இருந்தவர். விட்ட இடத்தில் தொடங்கினேன், அதே பெயரில் மறுபடி கறுத்தது. மனசு கேட்காமல் அவருக்குப் போன் செய்து சௌக்கியமா என்று விசாரித்தேன். அவர் நன்றாகத்தான் இருக்கிறார், இரண்டு வருஷமாக யாருமே விசாரிக்கவில்லை என்று முக்கால் மணி நேரம் பேசினார். உன்னிடம் கேட்டபோது அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றாய், போட்டேன். கேபிளைக் கழற்றி மாட்டுங்கள் என்றாய், மாட்டினேன். புதுக் கேபிள் வாங்குங்கள் என்றாய், வாங்கினேன், பிறகு அதைவிட நீளமானது, பிறகு அதைவிடத் தடிமனானது. செட்டிங்கில் அறுபது என்று இருக்கிறதா பாருங்கள் என்றாய், அறுபதுதான் இருந்தது, என் வயதைவிடக் குறைவு என்பதைத் தவிர அதில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. உன் அம்மாவைச் சமையலறையில் நிற்கவைத்து மிக்ஸி, பிரிட்ஜ், மோட்டார் என்று ஒவ்வொன்றாகப் போடச் சொன்னேன். அவள் அங்கிருந்து இப்ப? என்று கத்துவாள், நான் இங்கிருந்து இல்ல என்று கத்துவேன். மூன்றாவது நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து ஏதாவது குடும்பத் தகராறா என்று கேட்டார். கடைசியில் கணினிக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே மூன்று நாள் ஒருமுறைகூட அணையவில்லை, நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. கடைக்காரர் நம்பாமல் தன்னுடைய மானிட்டர் ஒன்றை இரவல் கொடுத்தார். அதுவும் நம் வீட்டுக்கு வந்த மறுநாளே கண்ணை மூடித் திறந்தது. சார், மானிட்டர்ல ஒண்ணுமில்ல, உங்க வீட்லதான் ஏதோ இருக்கு என்று சொல்லிவிட்டுத் தன்னுடையதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

முப்பத்தொரு வருஷம் ஆலை வாசலில் டைம் கீப்பராக உட்கார்ந்தவனுக்கு எந்தப் பிரச்சினைக்கும் முதலில் ஒரு நோட்டு வேண்டும். முதல் நாளே நான்கு கட்டம் கோடு போட்டுவிட்டேன். தேதி, மணி, எத்தனை நொடி, காரணம். காரணக் கட்டத்தைக் காலியாக விட்டேன். ஆலையில் தாமதமாக வருகிறவன் காரணத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அதன் கீழே நான் சுருக்கொப்பம் வைப்பேன், இன்னொருவன் காரணத்தை நானாக எழுதியது கிடையாது. வீட்டிலும் அப்படி ஒரு நோட்டை வாசலில் தொங்கவிட்டு உங்கள் இருவரையும் படுத்தினேன், நினைவிருக்கும். நீ வருஷம் முழுக்க மழை என்றே எழுதுவாய், வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் மழைதான். சின்னவன் உள்ளதை உள்ளபடி எழுதுவான். ரோடு போடும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், இன்னும் கொஞ்சம் நிற்கலாம் போல இருந்தது என்று ஒருமுறை எழுதியிருந்தான். நிற்க. மானிட்டர் நோட்டு நிரம்ப நிரம்ப ஒன்று தெரிந்தது. காலை பத்து நாற்பதுக்கு ஆரம்பிக்கிறது, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அணைகிறது, பதினொன்றேகாலுக்கு நின்றுவிடுகிறது. சனி ஞாயிறு கிடையாது. இவ்வளவு ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களை நான் ஆலையில்கூடப் பார்த்ததில்லை.

நேற்று, திங்கட்கிழமை, எலக்ட்ரீஷியன் வந்தார். அவர் மீட்டர் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் நோட்டைத்தான் வாங்கிப் பார்த்தார், அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. சூடேறினா நிக்குது, ஆறினா மறுபடி போடுது, இது அயன்பாக்ஸ் பழக்கம் சார், மாடிக்குப் போற லைன்ல ஒரு ஜாயிண்ட் லூசா இருக்கு, மேல யாரோ துணி தேய்க்கும்போது கீழ உங்க திரை அணையுது என்றார். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி மாடி அறையில்தான் இருக்கிறது, எங்கள் சோதனையில் அது மட்டும் விட்டுப்போயிருக்கிறது. மேலே என் மகன் மட்டும்தான், அவன் எட்டரைக்கே ஆபீஸ் போய்விடுவான் என்றேன். அவர் என்னையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார், அப்ப ஆபீஸ்தான் மாடிக்கு வந்திருக்கணும் என்றார். உன் அம்மா இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஜாயிண்டை இப்போதே மாற்றிவிடட்டுமா, அரை நாள் வேலை என்று கேட்டார். அப்புறம் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

இன்று காலை பத்தரைக்கு உன் அம்மா குழாயைத் திறந்து பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். நான் பின்பக்கம் போய்த் துணி காயப்போடும் இடத்தில் நின்றேன். சின்னவன் சந்து வழியாக வந்தான், தோளில் பை, கையில் ஷூ. பாத்திரச் சத்தத்தில் அடியோசை கேட்காதபடி வெறுங்காலோடு பின்படி ஏறினான். காலையில் உன் அம்மா கட்டிக்கொடுக்கும் சாப்பாடு ஊரைச் சுற்றிவிட்டு, பதினெட்டுப் படி ஏறி, அதே வீட்டில் சாப்பிடப்படுகிறது. அவன் என்னைப் பார்க்கவில்லை, ஒரு போர்வைக்குப் பின்னால் நின்றேன். அறுபத்தெட்டு வயதில் சொந்த வீட்டில் சொந்த மகனிடமிருந்து ஒளிந்துகொண்டேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தேன், பத்து நாற்பதுக்குத் திரை அணைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வாசலில் உட்கார்ந்து நானூறு பேர் வருவதையும் போவதையும் எழுதினவன், என் பிள்ளை வேலைக்குப் போகவில்லை என்பதை ஒரு மானிட்டர் சொல்லித் தெரிந்துகொண்டேன். ஏன் சொல்லாமல் இருக்கிறான் என்று நீ கேட்பாய். அது எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது, நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அவன் பத்தாவது படிக்கும்போது ஒருநாள் இருட்டும் நேரத்தில் வந்து, கணக்கில் தோற்றுவிட்டேன், வீட்டுக்கு வரப் பயமாக இருந்தது, பூங்காவில் உட்கார்ந்திருந்தேன் என்று நோட்டில் எழுதினான். அன்றைக்கு உன் சித்தப்பா குடும்பத்தோடு வந்திருந்தார். நான் நோட்டை எடுத்து எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அதற்குப் பிறகு காரணக் கட்டத்தில் ஒன்றுமில்லை என்று மட்டுமே எழுதினான், பள்ளிக்கூடம் முடியும்வரை. இப்போது நான் மேலே போய்க் கேட்டால் பொய் சொல்லுவான், அந்தப் பொய்யை அவன் வாயில் திணித்தவன் நானாக இருப்பேன். கேட்காமலும் இருக்க முடியவில்லை. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் மூன்று நிமிடத்தில் மாடியில் இருப்பாள். என்ன செய்வதென்று தெரியாமல்தான் உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

மேலே உள்ளது செவ்வாய்க்கிழமை எழுதியது. இன்று வெள்ளி. உறையை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. புதன்கிழமை நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தேன். பத்து நாற்பது ஆயிற்று, அணையவில்லை. பத்தே முக்கால், அணையவில்லை. எது நிற்கவேண்டும் என்று ஐந்து வாரம் கடைக்காரரையும் உன் அம்மாவையும் பாடாய்ப் படுத்தினேனோ அது நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு எழுந்து, டாக்டர் ஏறவே கூடாது என்று சொன்ன பின்படியில் ஏறினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. வெள்ளைச் சட்டை ஒன்று மடிப்புக் கலையாமல் ஹேங்கரில் தொங்கியது. இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. மேஜைமேல் சாப்பாட்டு டப்பா, திறக்காமல். அவன் இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன், முப்பது வயது ஆளைக் கட்டிலுக்கு அடியில் தேடின அப்பன் நானாகத்தான் இருப்பேன். பிறகு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்பதை எழுதமாட்டேன். கீழே துணிதான் காய்ந்துகொண்டிருந்தது.

இறங்கி முன்னறைக்கு வந்தால் என் நாற்காலியில் அவன் உட்கார்ந்திருக்கிறான். அவன் முன்பே இறங்கிச் சந்து வழியாகச் சுற்றி, நான் பின்படி ஏறின நேரத்தில் முன்வாசல் வழியாக வந்திருக்கிறான். செவ்வாய் ராத்திரி சாப்பாட்டின்போது உன் அம்மா, அந்த எலக்ட்ரீஷியன் சொல்றாரு, ஆளில்லாத மாடியில யாரோ துணி தேய்க்கிறாங்களாம் என்று அவனிடமே சொல்லிச் சிரித்தாளாம், நான் கை கழுவப் போயிருந்தபோது. அதனால்தான் புதன்கிழமை பெட்டியைப் போடவில்லை. நோட்டு அவன் முன்னால் விரித்திருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினான், பத்து நாற்பது, பத்து நாற்பத்திரண்டு, பத்து நாற்பத்தைந்து, எல்லாக் காரணக் கட்டமும் காலி. நான் நின்றுகொண்டே இருந்தேன். உள்ளேயிருந்து உன் அம்மா யாருங்க அது என்று கேட்டாள். சின்னவன்தான், மானிட்டரைப் பாக்க வந்திருக்கான் என்றேன். அவன் என் பேனாவை எடுத்தான். கடைசி வரிசையில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நோட்டை என் பக்கம் திருப்பினான். அவன் எழுதினதை அப்படியே எழுதுகிறேன். எங்கள் பிரிவை மூடிவிட்டார்கள். வேலை போய் நாற்பத்தாறு நாள் ஆகிறது. வீட்டில் சொல்லப் பயமாக இருந்தது. எந்த நாளும் இண்டர்வியூவுக்குக் கூப்பிடலாம் என்று தினமும் ஒரே சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். வழக்கப்படி அதன் கீழே சுருக்கொப்பம் வைக்கவேண்டும். அதற்கு மேலே ஒரு வரி எழுதினேன், முப்பத்தொரு வருஷத்தில் யாருக்கும் எழுதியதில்லை. வாசித்தேன், சத்தமாக வாசிக்கவில்லை என்று எழுதி, அதன்பிறகு ஒப்பம் வைத்தேன். அவன் அதைப் படித்தான். பிறகு, எதுக்குப்பா கேபிளை மூணு தடவை மாத்தினீங்க என்று கேட்டான். உன் அக்கா சொன்னா என்றேன். இருவரும் சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, முழங்கால் வலி என்று சொன்னேன், அவன் நம்பவில்லை.

உன் அம்மாவிடம் மத்தியானம் அவனே சொன்னான். அவள் கொஞ்சம் அழுதாள், பிறகு எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினாள், பிறகு அவ்வளவு நாளும் ஆறின சாப்பாட்டைத்தானே சாப்பிட்டிருப்பாய் என்று மறுபடி அழுதாள். இப்போது பன்னிரண்டரைக்கு அவனைக் கீழே கூப்பிட்டுச் சூடாகப் போடுகிறாள், இரண்டே நாளில் அவன் முகம் தெளிந்திருக்கிறது. உனக்கு ஒரே ஒரு வேலைதான். நீயாக அவனிடம் எதுவும் கேட்காதே. அவனே உன்னைக் கூப்பிடுவான், அப்போது முதல் முறையாகக் கேட்பவளைப்போலக் கேட்டுக்கொள், நடுவில் புகுந்து யோசனை சொல்லாதே. அந்தப் பழக்கம் உனக்கு யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பேத்தியை யார் முன்னாலும் கேலி செய்யாதே, சிரிப்பாள், அதை நம்பாதே. நீங்கள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் மனம் நிறைந்து வாழவேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். தும்மலுக்கு மருந்து சாப்பிட மறக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா

பின்குறிப்பு: இதை மடிக்கும்போது மணி பத்து நாற்பது. திரை இப்போதுதான் ஒருமுறை அணைந்து வந்தது. எலக்ட்ரீஷியனை நான் இன்னும் கூப்பிடவில்லை. திங்கட்கிழமை அவனை ஓர் இடத்தில் இண்டர்வியூவுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், மேலே சட்டை தேய்க்கிறான். என் சட்டை இரண்டையும் சேர்த்துத் தேய்க்கக் கொடுத்திருக்கிறேன்.