மிரேலா எழுதிய காய்ச்சல்

பிரயிலா, 3 நவம்பர் 2009

அன்புள்ள வெதூரியா,

இல்லாத நோயைத் தாயே சொல்கிறாள் என்று தெரிந்தபின், மருத்துவர் யாருக்கு உண்மையாக இருக்க வேண்டும்? உனக்கு இதை எழுதுவதே விதிமீறல்.

உன் தங்கை மிரேலா இந்த வருடம் மூன்றாம் முறையாக மகள் இலின்காவை என் வார்டில் சேர்த்திருக்கிறாள். இங்கே நர்சுகள் குறைவு. தாய்மாரே உடன் தங்கி, காய்ச்சலைப் பார்த்துத் தாளில் எழுதுவார்கள். அவள் எழுதிய முப்பத்தொன்பது டிகிரிக் காய்ச்சலை நம்பி, நான்கு வயதுக் குழந்தையிடம் பதினோரு முறை ரத்தம் எடுத்தேன். எதிலும் கோளாறில்லை. நேற்று அவள் சூப் வாங்கக் கீழே போனபோது நானே பார்த்தேன். காய்ச்சலே இல்லை.

"டாக்டர், இன்னிக்கும் ஊசி உண்டா? நான் அழமாட்டேன். அம்மா கட்டிப் பிடிச்சுக்குவா" என்றாள் இலின்கா.

குழந்தைகள் நலத்துறைக்குச் சொன்னால் பிரித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் அடுத்த ஊசியும் என் கையால்தான். போனில் சொன்னால் உடனே அவளைக் கூப்பிடுவாய். அதனால் இத்தாலிக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஸ்மரந்தா

பெர்காமோ, இத்தாலி, 6 நவம்பர்

ஏண்டி ஸ்மரந்தா,

பள்ளிக்கூடத்திலும் நீ எல்லாரையும் சந்தேகப்படுவாய், இப்போது என் தங்கையையுமா என்று எழுதிக் கிழித்தேன். இது இரண்டாவது தாள்.

ஏப்ரலில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாள், ஓடி வந்தேன். வந்த அன்றே காய்ச்சல் போய்விட்டது. "பாத்தியா, அக்கா வந்தா எல்லாம் சரியாயிடுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். கிளம்பும்போது, "இனி பிள்ளைக்கு முடியலேன்னாத்தான் எனக்கு லீவு" என்று சொன்னதும் நான்தான். அம்மா போனபின் அவளுக்கு வேறு யார்?

இங்கே நான் பார்த்துக்கொள்ளும் அம்மையாருக்கு மாற்று ஆள் வந்ததும், பதினைந்தாம் தேதி வேனில் வருகிறேன். அதுவரை யாரிடமும் சொல்லாதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் வெதூரியா

பிரயிலா, 9 நவம்பர்

வெதூரியா,

பதினைந்துவரை இலின்காவால் காத்திருக்க முடியாது. முதுகெலும்பில் நீர் எடுத்துப் பார்க்கப் பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். மிரேலா கையெழுத்தும் போட்டுவிட்டாள். அதை நிறுத்தினேன். இன்று நலத்துறைக்கு எழுதிக் கொடுத்தேன். முதலில் அவளிடம் நேரில் சொன்னேன்.

"அக்காவோட சிநேகிதின்னு நம்பித்தானே உங்ககிட்ட வந்தேன்" என்றாள்.

இனி நீ எனக்கு எழுதாவிட்டாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால் வா. அவளுக்கும் சிகிச்சை வேண்டும், கூட ஒருவர் வேண்டும்.

ஸ்மரந்தா

10 நவம்பர், இந்தக் கடிதத்தோடு வேன் புறப்படுமுன்

பத்து மணிக்கு நலத்துறைப் பெண் வந்தார். இலின்கா சில வாரம் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் இருப்பாள். மிரேலா சண்டை போடவில்லை. இலின்காவின் கோட்டுப் பொத்தான்களைப் போட்டுவிட்டு, "கேரட் குடுத்தா துப்பிடுவா. தூங்கறப்ப வெளக்க அணைக்காதீங்க" என்றாள்.

"மருந்து ஏதாவது?" என்று அந்தப் பெண் கேட்டார்.

மிரேலா குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

"இல்லீங்க. அவளுக்கு ஒண்ணுமில்லே. நல்லாத்தான் இருக்கா."