களனிப் பாலமும் என் பையும்

ஜூன் 2, திங்கள்
அனலாய்க் கச்சான் காற்று. கொடியில் போட்ட சேலை காய்ந்து விறைத்துவிட்டது. புதன்கிழமை கொழும்பில் நேர்முகம். ஆய்வுகூட வேலை, தங்க இடமும் தருவார்களாம். படித்துவிட்டு இத்தனை வருடம் குசினியில் அடுப்போடு நின்றவளையும் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நாளை இரவு ரயில். செவ்வாயில் வெளிக்கிடக் கூடாது என்று மாமி. பஞ்சாங்கம் பார்த்து, இன்றைக்கே நல்ல நேரத்தில் பையை மட்டும் பக்கத்து வீட்டுப் பரீதா ராத்தாவிடம் கொடுத்துவைக்கச் சொன்னார். பை போனால் பயணம் தொடங்கிய கணக்கு. இனி அது இந்த வீட்டுக்குள் திரும்பி வரக் கூடாது.

சேலை, சான்றிதழ், நல்ல செருப்பு, பல்லுப் பிரஷ். பிரஷை வைத்தது மடத்தனம். விரலால் தேய்த்தேன்.

ஜூன் 3, செவ்வாய்
இங்கே ஒரு துளி இல்லை. அங்கே கொழும்பில் அடைமழை. களனி ஆறு பெருகி, ரயில்கள் ராகமையோடு நிற்கின்றனவாம். ராத்தாவின் கணவர் விளக்கினார்: கண்டி, புத்தளம், மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், எங்கள் ஊர், எல்லாப் பாதையும் ராகமையில் ஒன்றாகி, ஒரே பாலத்தில்தான் ஆற்றைத் தாண்டிக் கொழும்புக்குள் போகின்றன. அதை மூடினால் பாதி நாடு இக்கரையில். நானும்.

கட்டாரில் இருக்கும் என் கணவரிடம் பஸ்ஸில் போகட்டுமா என்று கேட்டேன். பாலம் திறந்தால் ரயிலில் போகலாம், பஸ் வேண்டாம் என்றார். கொழும்புக்குப் போன் எடுத்தேன். வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். போன உயிர் வந்தது.

ஜூன் 4, புதன்
வெயில். மீன் இல்லை, பருப்பு. மாமிக்கு முழங்கால் வலி, வாசல்வரைக்கும் நடக்க ஏலாதாம். தண்ணீர், வலிக்குக் குளிசை, எண்ணெய், திரும்பவும் தண்ணீர்.

போனில் பாலத்தின் படம். தண்டவாளத்துக்குக் கீழே கலங்கல் வெள்ளம். அந்த ஆற்றை நான் கண்டதேயில்லை, ஆனாலும் அதன்மேல் அப்படி ஒரு கோபம்.

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தா: “பை இருக்கட்டும் தங்கச்சி. பெருநாள் சோறும் தின்னுட்டுப் போகட்டும்.”

சிரித்தேன். நாளெல்லாம் சிரித்தது அவ்வளவுதான்.

ஜூன் 5, வியாழன்
வெள்ளம் வடிந்துவிட்டது. ரயில் பாலத்தில் மெதுவாகப் போகிறதாம். இன்றிரவு நானும். மாமியை ராத்தா பார்த்துக்கொள்வார். கடைக்குப் போய் அரிசி, மா, மாமியின் குளிசை எல்லாம் வாங்கிவைக்கலாம் என்று போனேன்.

திரும்பி வந்தால் பை எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில்.

ராத்தாவிடம் ஓடினேன். மாமியே வந்து, நான் கேட்டதாகச் சொல்லி வாங்கிப் போனாராம். ராத்தா பாவம், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

மாமி என் முகத்தைப் பார்க்கவில்லை. “வெளிக்கிட்ட பை திரும்பி வந்திட்டுது பிள்ளை. இனிப் போகக் கூடாது.”

கட்டாருக்கு, இவருக்குப் போன் எடுத்தேன். பாலம் திறந்துவிட்டது என்றேன்.

“அம்மா சொல்றதைக் கேளும். பிறகு பாப்பம்.”

ஆத்திரம். அழுகைகூட வரவில்லை.

இரவு ரயில் ஊதிக்கொண்டு போனது. மாமியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். பையைத் தூக்கிக்கொண்டு நடந்ததில் வீங்கியிருந்தது.