சதுப்பு நில மருத்துவச்சிகள்

பிப்ரவரி 3
மிரெக்கின் விளையாட்டுக் கடையில் பியரோகிக் கொழுக்கட்டை தின்றுகொண்டே, மேசைமேல் பொம்மைப் படைகளை மோதவிட்டு மூன்று ஆட்டம். மூன்றிலும் யாக்னா என்னைத் துவைத்துக் காயப்போட்டாள். "பகடையக் கெஞ்சாத செசாரி, அது என்ன பேங்க் மேனேஜரா?" என்கிறாள். ஈஸ்டருக்குள் அவளிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும்.

பிப்ரவரி 11
'சாம்பல் கரை' ஆட்டத்துக்குப் புது விரிவாக்கம் வருகிறது. நான்கு புதுப் படைகள். அதில் ஒரு படையின் விதிகளை ஆடிப் பரிசோதிக்கக் கம்பெனி எனக்கு அனுப்பியிருக்கிறது. வழக்கம்போல எழுதியவர் பெயர் இல்லை. யாரிடமும் வாய் திறக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டாகிவிட்டது. யாக்னாவும் எதையோ மறைக்கிறாள். கேட்டால் சிரிப்பு.

பிப்ரவரி 20
சதுப்பு நில மருத்துவச்சிகளாம். மொத்தமே ஐந்து பொம்மைகள். விழுந்த வீரனை இழுத்துவந்து திரும்ப எழுப்பிவிடுகிறார்கள். ஆறு முறை ஆடினேன், ஆறிலும் அவர்களே ஜெயித்தார்கள். எரிச்சலில் ஒரே மூச்சாக அறிக்கை எழுதினேன்: "விழுந்தவன் எழுந்துகொண்டே இருந்தால் ஆட்டம் எதற்கு? இதை எழுதியவருக்குச் சாவைப் பற்றி ஒன்றும் தெரியாது. தூக்கி எறியுங்கள்." படித்துப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

மார்ச் 9
மருத்துவச்சிகளைத் தூக்கிவிட்டார்கள். மூன்று படைதான் வருகிறது.

மார்ச் 10
யாக்னா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கையில் என் அறிக்கை. கம்பெனி என் பெயரை எடுத்துவிட்டு அவளுக்கு அனுப்பியிருக்கிறது.

"இத நீதான எழுதின?"

உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுத் தொலைத்தேன். முட்டாள்!

"மூணு வருஷமா உன் கிண்டலக் கேக்குறேன், தெரியாதா? அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப பக்கத்துல உக்காந்து நான் எழுதினதுடா அந்தப் படை. எந்திரிச்சுருவாங்க எந்திரிச்சுருவாங்கன்னு எழுதினேன். எனக்கா சாவு தெரியாது?"

அவள் அம்மா நவம்பரில் போனார். சவப்பெட்டியின் ஒரு முனையை நான்தான் பிடித்தேன்.

"நீன்னு தெரியாதுடி..."

"தெரியாதவங்கன்னா இப்படித்தான் எழுதுவியா?"

அறிக்கையை மேசைமேல் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 31
ஈஸ்டர். யாக்னா போனை எடுக்கவே இல்லை. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன்.

ஏப்ரல் 14
மிரெக் சொன்னான்: "அவ க்தான்ஸ்க் போயிட்டாப்பா, அங்கயே வேலையாம். விட்டுத்தள்ளு." எதை விடுவது? எங்கே தள்ளுவது?

ஜூன் 2
விரிவாக்கத்தின் விதிப் புத்தகம் வந்தது. நன்றிப் பட்டியலில் என் பெயர். மூடி அலமாரிக்கு அடியில் தள்ளினேன்.

அக்டோபர் 19
க்தான்ஸ்கில் 'சாம்பல் கரை' போட்டி. போகாதே என்று மனசு சொல்லியும் போனேன். மூன்றாம் சுற்றுக்குக் குலுக்கியதில் எதிரே யாக்னா. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கை கொடுத்தாள். என் பொம்மை நகர்ந்த தூரத்தை அளப்பதில் சந்தேகம் வந்தபோது, "பரவால்ல, உங்களுக்கே இருக்கட்டும்" என்றாள். நான்தான் ஜெயித்தேன்.

ஆட்டம் முடிந்ததும் எதிராளியின் நடத்தைக்கு ஐந்துக்கு இவ்வளவு என்று சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். முன்பெல்லாம் எனக்கு வேண்டுமென்றே ஒன்று போடுவாள், கீழே ஒரு திட்டும் எழுதுவாள்; அதைக் காட்டிக் காட்டி மிரெக் கடையே சிரிக்கும். இன்று யோசிக்காமல் எழுதினாள், மடிக்காமலே போட்டாள், அடுத்த மேசைக்குப் போய்விட்டாள்.

ஐந்து. முன்பின் தெரியாதவர்களுக்கு அவள் எப்போதும் ஐந்துதான் போடுவாள்.