ஊரோடு வந்த துப்பாக்கி

கொடைக்கானல்
12-7-1959

அன்பு மச்சானுக்கு, ஜாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

தனுஷ்கோடிக்கு உங்களை எதிர்கொள்ள வந்த அன்று நான் சொல்லாமல் விட்டதை முதலில் எழுதிவிடுகிறேன். சுங்கக் கொட்டகையின் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம், அத்தாவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. அதிகாரி உங்கள் வேட்டைத் துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்து, அதில் வெட்டியிருந்த நம்பரைச் சிலோன் லைசென்ஸோடு ஒத்துப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஊரோட வந்துட்டீங்களா, இல்ல பார்த்துட்டுப் போக வந்தீங்களா?"

"பார்த்துட்டுப் போகத்தாங்க."

"அப்ப இதுவும் பார்த்துட்டுப் போகத்தான் வந்திருக்கு. ஆறு மாசத்துக்குள்ள நீங்களே கையோட எடுத்துட்டுப் போயிரணும். இங்க யார்கிட்டயும் விட்டுட்டுப் போகப்படாது."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கு முந்தைய கடிதத்தில், "இந்தத் தடவை பண்டாரவளைக் கடைக்கு ஸலாம் சொல்லிவிட்டு ஊரோடு வந்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தீர்கள். அதை நம்பித்தான் அத்தா, பஜார்க் கடையில் உங்களுக்கென்று பாதி அலமாரியை ஒழித்து வைத்திருந்தார்கள். உங்கள் பதில் அத்தா காதிலும் விழுந்திருக்கும். ரயிலில் நீங்கள் கொடுத்த மஸ்கட் அல்வாவைத் தின்றுகொண்டே வந்தேன்.

மூன்று மாதம் இருந்தீர்கள். "வாய் தவறிச் சொன்னேன்" என்று ஒருநாள் நீங்களாகவே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். பூம்பாறையில் அத்தாவின் குத்தகைக் கிழங்குக் காட்டுக்குப் போன நாட்களில் மட்டும் அதை மறந்திருந்தேன். நீங்கள் பன்றியைச் சுட்டுவிட்டுத் தள்ளி நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் காட்டு ஆண்டிச்சாமி சொன்னது நினைவிருக்கிறதா? "சாயபு சுடுவாரு, கறியில பங்கு கேக்கமாட்டாரு. இப்படி ஒரு வேட்டைக்காரரு எந்த ஊருக்குக் கெடைப்பாரு!" அன்று துப்பாக்கியை என் தோளில் பொருத்தி, "மூச்சை விடாத புள்ள, அப்படியே பிடி" என்றீர்கள். பட்டப்பகலில், ஆட்கள் பார்க்க, நீங்கள் என் தோளைத் தொட்டது அந்த ஒரு முறைதான்.

போகும்போது ஞாபகமாகத் துப்பாக்கியை எடுத்துப் போனீர்கள்.

இங்கு எல்லாரும் சுகம் என்று எழுதுவது வழக்கம். எல்லாரும் என்பது அத்தாவும் நானும்தான். மழைக்காலம் பிடித்துவிட்டது. மதியமே மூடுபனி கடைக்குள் வந்து நிற்கிறது. வாசகசாலையிலிருந்து எடுத்து வந்த புத்தகங்கள் தீர்ந்துவிட்டன.

இப்படிக்கு,
ஜாஹிதா


பண்டாரவளை
9-8-1959

அன்பு ஜாஹிதாவுக்கு, சாகுல் ஹமீது துஆவும் ஸலாமும்.

அடிப் பைத்தியமே, வேலிக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்டாயா? சுங்கத்தில் சொல்வதெல்லாம் ஒரு பேச்சா? ஊரோடு வந்துவிட்டேன் என்றால், "மதுரை லைசென்ஸ் எங்கே?" என்று கேட்டுத் துப்பாக்கியை அங்கேயே பிடித்து வைத்திருப்பார்கள். அப்புறம் பூம்பாறைப் பன்றியை மாமா குடைக்கம்பால்தான் விரட்டியிருக்க வேண்டும். துப்பாக்கிக்காகச் சொன்னதை நீ உனக்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா?

இங்கு தங்கியிருப்பதற்கான பெர்மிட் தகராறு தீரவில்லை. குடும்பத்தை அழைத்துவரவும் விடமாட்டேன் என்கிறார்கள். இல்லாவிட்டால் உன்னைக் கூட்டிவந்திருக்க மாட்டேனா?

ஒன்று செய். மாமாவைக் கூட்டிக்கொண்டு மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் என் பெயருக்கு ஒரு லைசென்ஸ் வாங்கி வை. அடுத்த தடவை அதே அதிகாரி முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "ஊரோட வந்துட்டேன்" என்று சொல்கிறேன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொள்.

மஞ்சள் பெட்டியில் உனக்கு இரண்டு பவுண்டு தேயிலை அனுப்பியிருக்கிறேன்.

உன் பிரியமுள்ள,
சாகுல் ஹமீது


கொடைக்கானல்
4-10-1959

அன்பு மச்சானுக்கு,

தேயிலை வந்தது. மதுரைக்கும் போய்வந்தோம். மலையிறங்கும்போது அத்தாவுக்கு இரண்டு இடத்தில் வாந்தி. அங்கே நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ஆளு எங்கம்மா?" என்றார் குமாஸ்தா.

"சிலோன்ல இருக்காங்க."

"துப்பாக்கி?"

"அதுவும் அவங்ககிட்டத்தான்."

"ஆளும் இல்ல, துப்பாக்கியும் இல்ல. நான் எதைப் பார்த்து எழுதுறது? உள்ளூர்ல குடியிருக்கிறவுகளுக்குத்தான் குடுப்போம். மொதல்ல ஆளு வரட்டும்."

அத்தா மெதுவாக, "லைசென்ஸ் வந்தாத்தான் வருவேங்கிறாருங்க மாப்பிள்ளை" என்றார்கள்.

"நல்லாருக்கே கதை! அவரு துப்பாக்கியக் கட்டிக்கிட்டாரா, ஒங்க மகளக் கட்டிக்கிட்டாரா?"

ஆபீஸ் முழுக்கச் சிரித்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நானும் சிரித்தேன். அத்தா சிரிக்கவில்லை.

மச்சான், நீங்கள் இங்கே வந்து குடியிருந்தால்தான் லைசென்ஸ். லைசென்ஸ் இருந்தால்தான் வருவேன் என்கிறீர்கள். இதை அவிழ்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரிகிறது. துப்பாக்கியை அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வாருங்கள். பன்றி தின்றது போகக் கிடைக்கிற கிழங்கு நமக்குப் போதும்.

ஜாஹிதா


பண்டாரவளை
15-11-1959

அன்பு ஜாஹிதாவுக்கு,

அந்தக் குமாஸ்தாவை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு வா என்று எவ்வளவு லேசாக எழுதிவிட்டாய்! கடை வைத்து முதல் வருஷம் கையில் நின்றதை அப்படியே போட்டு வாங்கியது அது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுக்குள் நுழைந்தால்தான் எனக்கு இந்த ஊரில் தனியாக இருக்கிற நினைப்பே போகிறது. நீ புத்தகம் படிக்கவில்லையா, அதுபோல.

அவ்வளவு ஆசையாக இருந்தால் உன் பெயருக்கே லைசென்ஸ் வாங்கேன், வேட்டைக்காரி! கொடைக்கானல் பஜாரே எழுந்து நின்று பார்க்கட்டும்.

மாமாவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

சாகுல் ஹமீது


கொடைக்கானல்
20-3-1960

அன்பு மச்சானுக்கு,

நீங்கள் வேடிக்கையாகத்தான் எழுதினீர்கள். நான் வாங்கிவிட்டேன்.

அதே குமாஸ்தா. "பொம்பளப்புள்ளைக்கு எதுக்கும்மா துப்பாக்கி?" என்றார். "கிழங்குக் காட்டுல பன்றி விழுகுதுங்க. உள்ளூர்ல குடியிருக்கிறவுகளுக்குத்தான் குடுப்போம்னு நீங்கதான சொன்னீங்க? நான் இங்கதான் இருக்கேன்" என்றேன். இவ்வளவு பேசியது நானா என்று பஸ்ஸில் வரும்போது திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

பூம்பாறையில் ஆண்டிச்சாமி, பத்துப் பேரோடு வந்து சாட்சி சொன்னார். போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒரு துப்பாக்கியைக் கையில் கொடுத்து, பிடித்துக் காட்டச் சொன்னார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி பிடித்தேன். "யாரு பழக்கிவிட்டது?" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரவுக" என்றேன். அந்தச் சொல்லை வெளியில் ஒருவரிடம் சொல்லி எத்தனை நாளாகிவிட்டது!

உங்கள் துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றிக் கொண்டுவர அனுமதி வாங்கி இத்துடன் வைத்திருக்கிறேன். இனி அதைத் தனுஷ்கோடியில் யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள், ஆறு மாதக் கெடுவும் இல்லை. நீங்கள் அதைக் கூட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். அத்தா மறுபடியும் அலமாரியைத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

ஜாஹிதா


பண்டாரவளை
8-5-1960

அன்பு ஜாஹிதாவுக்கு,

சபாஷ்! இங்கே எல்லாரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். உன் சமர்த்து எனக்கு வராது.

கையெழுத்துப் போட்டு, துப்பாக்கியை உன் பெயருக்கு மாற்றியாயிற்று. நம் கடையில் நிற்கிற ஜமால் முகம்மது அடுத்த மாதக் கப்பலில் ஊருக்கு வருகிறான். எல்லாத் தாளையும் சேர்த்து அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீயே தனுஷ்கோடிக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.

நானே வருவதாகத்தான் இருந்தேன். பெர்மிட்டை இன்னும் இரண்டு வருஷத்துக்கு நீட்டிவிட்டார்கள். பக்கத்துக் கடையும் நம் கைக்கு வருகிறது. இந்த நேரத்தில் எப்படி விட்டுவிட்டு வருவது, நீயே சொல். வருகிற ஏப்ரலில் ஒரு மாதம் லீவு போட்டு வருகிறேன். துப்பாக்கிதான் அங்கேயே இருக்குமே, இனிச் சுமந்துகொண்டு அலைய வேண்டியதில்லை. நாம் இருவரும் பூம்பாறைக்குப் போகலாம்.

சாகுல் ஹமீது


கொடைக்கானல்
26-6-1960

அன்பு மச்சானுக்கு,

துப்பாக்கி வந்து சேர்ந்தது.

அதே கொட்டகை. இந்த முறை வேலிக்கு உள்ளே நின்றேன். கடல் காற்றில் தாள்கள் பறக்காமல் ஒரு கையால் அழுத்திக்கொண்டேன். அதே அதிகாரிதான், ஆனால் என்னை அவருக்குத் தெரியவில்லை. ஜமால் காக்காவைப் பார்த்து, "இது பார்த்துட்டுப் போகவா, ஊரோட வந்துருச்சா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார்.

"இங்கயே இருக்கத்தாங்க. எம் பேர்லதான் இருக்கு" என்றேன்.

அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். திரும்பி வரும் ரயிலில் உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதில் உங்கள் வீட்டு எண்ணெய் வாசனை இருந்தது. உங்களுக்கென்று ஒழித்த அலமாரியில்தான் வைத்துப் பூட்டியிருக்கிறேன். அது பாதி இடத்தைக்கூட அடைக்கவில்லை. மீதியில் அத்தா பூண்டு மூட்டையை ஏற்றினார்கள்.

மச்சான், ஏப்ரலில் நீங்கள் வரும்போது கையில் துப்பாக்கி இருக்காது. அந்த அதிகாரி உங்களை ஒன்றும் கேட்க மாட்டார். அதனால் நான் கேட்கிறேன். போன வருஷமே கேட்டிருக்க வேண்டியது: ஊரோடு வருகிறீர்களா, பார்த்துவிட்டுப் போக வருகிறீர்களா?

பார்த்துவிட்டுப் போகத்தான் என்றால் வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை. நீங்கள் போன பிறகு வருகிற முதல் வாரத்தை இன்னொரு முறை என்னால் தாங்க முடியாது.

ஒரு வரி எழுதினால் போதும்.

ஜாஹிதா


கொடைக்கானல்
21-5-1961

ஜனாப் சாகுல் ஹமீது அவர்களுக்கு, ஜாஹிதா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. ஏப்ரலில் நீங்களும் வரவில்லை. போன வெள்ளிக்கிழமை அத்தா ஜமாஅத்தில் பேசினார்கள். பிரிவதற்கு எனக்குச் சம்மதமா என்று பெரியவர்கள் கேட்டனுப்பினார்கள். சம்மதம் என்றேன். அவர்களே உங்களுக்கு முறைப்படி எழுதுவார்கள். கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள்.

துப்பாக்கியைத் திருப்பி அனுப்ப முடியாது. இங்கேயே இருக்கும் என்று தனுஷ்கோடியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று பூம்பாறைக் காட்டில் ஒரு பன்றியைச் சுட்டேன். ஆண்டிச்சாமியும் அவர் ஆட்களும் கறியைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். நான் அத்தாவோடு கிழங்கு லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

ஜாஹிதா